ஹெசூஸ் சில்வா ஹெர்சோக் புளோரஸ்: மெக்சிகோவின் கடன் நெருக்கடியை எதிர்கொண்ட நிதியமைச்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெசூஸ் சில்வா ஹெர்சோக் புளோரஸ் யார்?

மெக்சிகோவின் மத்திய வங்கியில் பொருளியல் அலுவலராகத் தொடங்கி, நாட்டின் நிதியமைச்சராகவும், பின்னர் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகவும் பணியாற்றியவர். 1935 மே 8 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தார். 2017 மார்ச்சில், 81ஆம் வயதில் காலமானார். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை எட்டியபோது, அந்தச் செய்தியை வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரில் கொண்டுசென்றவர் இவரே. பொருளாதார வளர்ச்சி முடங்கியதால் லத்தீன் அமெரிக்காவின் "இழந்த பத்தாண்டு" என்று பின்னாளில் பெயர் பெற்ற காலம் அந்த வாரத்தில்தான் தொடங்கியது என்பதால், இவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்கள் அந்தச் சில நாட்களையே பெரிதும் படிக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாட்களும் சரியாக விளங்கும்.

இதே பெயரில் இன்னொரு பொருளியலாளரும் இருக்கிறாரே, இருவரும் ஒருவரா?

இல்லை, அவர் இவருடைய தந்தை. தந்தை ஹெசூஸ் சில்வா ஹெர்சோக் 1892இல் சான் லூயிஸ் பொதோசியில் பிறந்தவர், பொருளியல் வரலாற்றாசிரியர், சோவியத் ஒன்றியத்தில் மெக்சிகோவின் பிரதிநிதியாக இருந்தவர். வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களுக்குத் தொழிலாளர்கள் கேட்ட ஊதியத்தைக் கொடுக்கும் வசதி உண்டா என்று ஆராய 1937இல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர். உண்டு என்று அந்தக் குழு சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் 1938 மார்ச் 18 அன்று அதிபர் லாசரோ கார்தெனாஸ் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார்.

எண்ணெய் மெக்சிகோவின் சொத்து ஆவதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரின் மகன், 44 ஆண்டுகள் கழித்து, அதே எண்ணெயை முன்பணத்துக்கு விற்று நாட்டின் கடன் தவணையைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தந்தை அப்போது உயிருடன் இருந்தார். மகன் நிதியமைச்சராக இருந்த காலத்திலேயே, 1985இல், மறைந்தார்.

அவரை "வங்கியாளர்" என்று சொல்வது சரியா?

தனியார் வங்கி நடத்தியவர் என்ற பொருளில் அல்ல. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற அவர், இருபது வயதைத் தாண்டிய சில காலத்திலேயே மெக்சிகோ மத்திய வங்கியில் சேர்ந்தார். இடையில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியிலும் பணியாற்றினார். மெக்சிகோவில் அந்தத் தலைமுறையின் நிதி நிர்வாகிகளில் பலருக்கு மத்திய வங்கியே பயிற்சிக்கூடம். அங்கே ஆய்வு அலுவலராக நுழைந்து, வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, நிதியமைச்சகத்தில் உயர் பதவிக்குச் செல்வது ஏறத்தாழ வகுக்கப்பட்ட பாதையாகவே இருந்தது. பின்னாளில் அதிபரான மிகேல் தெ லா மத்ரிதும் அதே பாதையில் வந்தவர். அவரும் சில்வா ஹெர்சோகும் நெடுநாள் நண்பர்கள்.

நிதியமைச்சர் ஆவதற்கு முன் அவர் செய்தவற்றில் முக்கியமானது எது?

என் மதிப்பீட்டில், இன்ஃபோனாவித் என்ற தொழிலாளர் வீட்டுவசதி நிதி நிறுவனத்தைக் கட்டியெழுப்பியது. 1972இல் அதிபர் லூயிஸ் எச்செவெர்ரியாவின் ஆட்சியில் அது தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்று, 1976 வரை நடத்தினார். முதலாளிகள் தொழிலாளரின் ஊதியத்தில் 5 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகை தொழிலாளரின் பெயரில் சேரும். வீட்டுக் கடன் அதிலிருந்து வழங்கப்படும். நிர்வாகத்தில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என மூன்று தரப்பும் அமர்ந்திருக்கும்.

இன்றும் மெக்சிகோவில் வீட்டுக் கடன் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அதுதான். ஒத்துப்போகாத மூன்று தரப்பை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கணக்கைத் தீர்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்தது என்று கருதுகிறேன். அதன் பின்னர் நிதியமைச்சகத்தில் பொதுக் கடன் பிரிவுக்குத் தலைமை ஏற்று, துணை அமைச்சராக உயர்ந்து, 1982 மார்ச்சில் நிதியமைச்சர் ஆனார்.

1982இல் மெக்சிகோ ஏன் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டது?

1970களின் பிற்பகுதியில் நாட்டின் தென்கிழக்கில் பெரிய எண்ணெய் வளங்கள் கண்டறியப்பட்டன. அதிபர் ஹோசே லோபஸ் போர்த்தியோவின் அரசு, வரப்போகும் எண்ணெய் வருமானத்தை நம்பிப் பெருமளவில் கடன் வாங்கியது; அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. அந்தக் கடன்களில் பெரும்பகுதிக்கு வட்டி நிலையானது அல்ல. அமெரிக்காவில் வட்டி ஏறினால் மெக்சிகோவின் வட்டிச் செலவும் ஏறும். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி 1979க்குப் பிறகு வட்டியை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தியபோது அதுதான் நடந்தது.

1981 நடுவில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் தலைவர் விலையைக் குறைத்தார். அதற்காகப் பதவியை இழந்தார். அடுத்து வந்தவர் விலையை மீண்டும் கூட்டினார். வாங்குபவர்கள் விலகிச் சென்றார்கள். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கக் குறுகிய காலக் கடன்கள் வாங்கப்பட்டன. மெக்சிகோவின் நாணயமான பெசோவை நாயைப் போலக் காவல் காப்பேன் என்று அதிபர் 1982 பிப்ரவரியில் சூளுரைத்தார். அதே மாதத்தில் பெசோவின் மதிப்பு சரிந்தது. வசதி படைத்தவர்கள் தங்கள் சேமிப்பை டாலராக மாற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு பிறந்தபோது வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 8,000 கோடி டாலர். மத்திய வங்கியின் கையிருப்பில் உடனே எடுத்துச் செலவழிக்கக் கூடியதாக இருந்தது 20 கோடி டாலருக்கும் குறைவு.

1982 ஆகஸ்ட் வார இறுதியில் வாஷிங்டனில் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, பணம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியைச் சில்வா ஹெர்சோக் தொலைபேசியில் அமெரிக்க நிதி அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மறுநாள் சிறு குழுவுடன் வாஷிங்டன் சென்று மூன்று பேரைச் சந்தித்தார்: பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நிர்வாக இயக்குநர் ஜாக் தெ லாரொசியேர், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர், கருவூலச் செயலர் டொனால்டு ரீகன். இவர்களில் வோல்க்கருக்கு இது திடீர்ச் செய்தி அல்ல. அமைச்சரான நாள்முதலே சில்வா ஹெர்சோக் அவரை அடிக்கடி சந்தித்து, நாட்டின் கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவந்தார். அந்த வார இறுதியில் அமெரிக்கத் தரப்பு அவருடைய எண்களை நம்பியதற்கு இதுவே காரணம்.

பேச்சுவார்த்தையில் சிக்கியது எண்ணெய் ஒப்பந்தம். டெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் உப்புப் படிவக் குகைகளில் அமெரிக்கா சேமித்துவந்த அவசரக் கையிருப்புக்காக மெக்சிகோ எண்ணெயை வாங்குவது என்றும், அதற்கான 100 கோடி டாலரை முன்கூட்டியே கொடுப்பது என்றும் திட்டம். ஆனால் இந்த உதவிக்காக 10 கோடி டாலர் கட்டணம் வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பு கேட்டது. அந்தக் கட்டணத்தை வட்டியாகக் கணக்கிட்டால் 30 விழுக்காட்டைத் தாண்டும். தரையில் விழுந்து கிடக்கும் அண்டை நாட்டிடம் கேட்கக் கூடிய விலை அல்ல இது என்று மெக்சிகோ தரப்பு கொதித்தது. அதிபர் லோபஸ் போர்த்தியோ அதை ஏற்க மறுத்தார். ஞாயிற்றுக்கிழமை பேச்சு முறியும் கட்டத்துக்கு வந்தது. வெறுங்கையுடன் ஊர் திரும்பவும் சில்வா ஹெர்சோக் தயாரானார். திங்கட்கிழமை காலையில் மெக்சிகோ கடன் தவறியது என்ற செய்தியுடன் சந்தைகள் திறந்தால் தம் சொந்த வங்கிகளின் கதி என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் அறிந்திருந்தார்கள்: அந்நாட்டின் மிகப் பெரிய ஒன்பது வங்கிகள் மெக்சிகோவுக்குக் கொடுத்திருந்த கடன் மட்டுமே அவற்றின் மூலதனத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தது.

இத்துடன், உணவு தானியங்கள் வாங்க 100 கோடி டாலர் கடன் உத்தரவாதமும் கிடைத்தது. பாசெல் நகரில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியின் வழியாக, அமெரிக்காவும் பிற நாடுகளின் மத்திய வங்கிகளும் சேர்ந்து 185 கோடி டாலர் இடைக்கால உதவி திரட்டின.

தனியார் வங்கிகளிடம் அவர் என்ன கேட்டார்?

ஆகஸ்ட் 20 அன்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் அரங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகளின் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். அசல் தவணைகளை 90 நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றும், வட்டி தொடர்ந்து செலுத்தப்படும் என்றும் சில்வா ஹெர்சோக் அவர்கள் முன் நின்று சொன்னார். கடன் கொடுத்த வங்கிகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு சிறு வங்கி வழக்குத் தொடுத்தாலும் எல்லாம் சரிந்துவிடும். அதனால் பெரிய வங்கிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, மற்ற வங்கிகளை வழிக்குக் கொண்டுவரும் பொறுப்பு அதனிடம் விடப்பட்டது. பின்னர் பிற நாடுகளின் கடன் பேச்சுகளிலும் கையாளப்பட்ட நடைமுறை இது.

நவம்பரில் ஐ.எம்.எஃப். தலைவர் ஒரு படி மேலே சென்று, வங்கிகள் 500 கோடி டாலர் புதுக் கடன் கொடுக்க முன்வந்தாலொழியத் தமது நிறுவனத்தின் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்காது என்று அறிவித்தார். டிசம்பர் இறுதியில் அந்தத் திட்டம், ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவில், நிறைவேறியது.

1982 செப்டம்பரில் வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது அவர் எந்தப் பக்கம் நின்றார்?

அவர் அதை ஆதரிக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று, தம் கடைசி ஆண்டு உரையில், அதிபர் தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கி, அந்நியச் செலாவணிக்கு முழுக் கட்டுப்பாடு விதித்தார். அதற்கு வாதாடிய கார்லோஸ் தெயோ மத்திய வங்கியின் தலைவராக்கப்பட்டார்; அதுவரை அப்பதவியில் இருந்த மிகேல் மன்செரா விலகினார். நிதியமைச்சரும் மத்திய வங்கித் தலைவரும் எதிரெதிர்க் கருத்துடையவர்களாக மூன்று மாதங்கள் ஒரே அரசில் இருந்தார்கள். டொரான்டோவில் நடந்த ஐ.எம்.எஃப். ஆண்டுக் கூட்டத்தில் கடன் கொடுத்தவர்களுக்கு எந்த மெக்சிகோவை நம்புவது என்றே தெரியவில்லை. சில்வா ஹெர்சோக் பதவியில் நீடித்தார். அந்த நேரத்தில் அவரும் விலகியிருந்தால் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்க ஆளே இருந்திருக்காது என்பதால், அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

அவர் மீது நியாயமாக வைக்கப்படும் குறை வேறொன்று. ஆகஸ்டில், மெக்சிகோ வங்கிகளில் டாலர் கணக்கு வைத்திருந்தவர்களின் பணம், சந்தை விலையைவிடக் குறைந்த விகிதத்தில் பெசோவாகத்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரசை நம்பிப் பணத்தை உள்நாட்டில் விட்டுவைத்தவர்கள் நட்டப்பட்டார்கள். முன்பே மியாமிக்கும் ஹூஸ்டனுக்கும் அனுப்பியவர்கள் தப்பினார்கள். அந்த அநீதியை எந்த நெருக்கடியும் முழுமையாக நியாயப்படுத்தாது.

அவருடைய சிக்கனத் திட்டத்தின் விலையை யார் கொடுத்தார்கள்?

மாதச் சம்பளம் வாங்குபவர்கள். 1982 டிசம்பரில் மிகேல் தெ லா மத்ரித் அதிபரானபோது சில்வா ஹெர்சோகையே நிதியமைச்சராகத் தொடரச் செய்தார். பணவீக்கம் அப்போது ஏறத்தாழ 100 விழுக்காடு. அரசின் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டிலிருந்து ஒரே ஆண்டில் பாதியாகக் குறைக்கப்பட்டது. மானியங்கள் வெட்டப்பட்டன, அரசுத் திட்டங்கள் நின்றன, பொருளாதாரம் 1983இல் 4 விழுக்காட்டளவு சுருங்கியது. விலைவாசி ஏறிய வேகத்தில் ஊதியம் ஏறவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எந்தத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட நிதி திரட்டினாரோ, அதே தொழிலாளர்களின் வாங்கும் சக்தியைக் குறைக்கும் திட்டத்துக்கு அவர் கையெழுத்திட்டார்.

வேறு வழி இருந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கடனைக் கட்டுவதில்லை என்று அறிவித்திருந்தால் உணவு இறக்குமதிக்கே பணம் இருந்திருக்காது என்பது அவர் தரப்பு. கடன் கொடுத்த வங்கிகளும் தவறு செய்தவையே, அவை நட்டத்தில் பங்கேற்காமல் தப்பியது ஏன் என்பது எதிர்த்தரப்பு. அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் பிரேடி திட்டம் 1989இல்தான் வந்தது, அதை முதலில் பயன்படுத்திய நாடும் மெக்சிகோதான். ஏழு ஆண்டுகள் தாமதமாக வந்த அந்த ஒப்புதல், எதிர்த்தரப்பின் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதையே காட்டுகிறது.

கடன்பட்ட நாடுகள் ஒன்றுசேர்ந்து பணம் கட்ட மறுத்திருக்கலாமே?

அந்த எண்ணம் பலமாக இருந்தது. 1984 ஜூனில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் லத்தீன் அமெரிக்கக் கடனாளி நாடுகள் கூடின. கூட்டு மறுப்புக்கு மெக்சிகோ உடன்படவில்லை. தனியாகப் பேசினால் நல்ல விதிமுறை கிடைக்கும் என்று சில்வா ஹெர்சோக் கணக்கிட்டார். சுமார் 4,800 கோடி டாலர் அரசுக் கடனைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் ஒப்பந்தம் கைக்கும் வந்தது.

ஆனால் அவர் அண்டை நாடுகளைக் கைவிட்டவர் என்று சொல்ல முடியாது. 1984 மார்ச் இறுதியில் அர்ஜென்டினா வட்டி நிலுவையைக் கட்ட முடியாமல் திணறியபோது, உருகுவேயின் புந்தா தெல் எஸ்தே நகரில் நடந்த வளர்ச்சி வங்கிக் கூட்டத்தின் இடையே, 50 கோடி டாலர் உதவித் தொகுப்பை உருவாக்கியதில் முன்நின்றவர் அவர். அதில் 30 கோடி டாலரைக் கொடுத்தவை மெக்சிகோ, வெனிசுலா, பிரேசில், கொலம்பியா. தாமே கழுத்தளவு கடனில் இருந்த நாடுகள். தூதர் பதவி ஏற்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தூதுப்பணியைத் தொடங்கிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1986 ஜூனில் ஏன் பதவி விலகினார்? அதிபராகும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா?

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரை நிலநடுக்கம் சிதைத்தது. அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்து பீப்பாய்க்கு 12 டாலரை ஒட்டி வந்தது. செலவை மேலும் வெட்ட வேண்டும் என்றார் நிதியமைச்சர். வெட்டும் அதிகாரமோ திட்டம் மற்றும் வரவுசெலவுத் துறை அமைச்சர் கார்லோஸ் சலினாஸ் தெ கோர்த்தாரியின் கையில் இருந்தது. வருமானம் போதவில்லை என்று ஒருவரும், செலவு அடங்கவில்லை என்று மற்றவரும் சொன்னார்கள்.

இது வெறும் கணக்குச் சண்டை அல்ல. ஆளும் நிறுவனப் புரட்சிக் கட்சியில் அடுத்த அதிபர் வேட்பாளரைப் பதவியில் இருக்கும் அதிபரே சுட்டிக்காட்டுவது அக்கால வழக்கம். இருவருமே அந்த வரிசையில் பேசப்பட்டவர்கள். வெளிநாட்டு வங்கியாளர்களிடமும் செய்தியாளர்களிடமும் சில்வா ஹெர்சோகுக்கு இருந்த செல்வாக்கு உள்நாட்டு அமைச்சரவையில் அவருக்கு உதவவில்லை. ஜூன் 17 அன்று விலகினார்; குஸ்தாவோ பெத்ரிசியோலி அவர் இடத்துக்கு வந்தார். 1987 அக்டோபரில் சலினாஸ் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். நீண்டநாள் நட்பு தெ லா மத்ரிதைக் கட்டுப்படுத்தவில்லை.

தூதராக அவர் என்ன செய்தார்?

சில ஆண்டுகள் லத்தீன் அமெரிக்க நாணயவியல் ஆய்வு மையத்துக்குத் தலைமை தாங்கிய பின், 1991இல் ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அனுப்பியவர் அவருடைய பழைய போட்டியாளர் சலினாஸ். அப்போதைய மெக்சிகோ அரசியலில் தூதர் பதவி என்பது கௌரவமும் தூரமும் கலந்த ஒன்று. 1994இல் அதே சலினாஸின் கடைசி ஆண்டில் சுற்றுலாத் துறை அமைச்சராகச் சிறிது காலம் இருந்தார்.

1995இல் அதிபர் எர்னெஸ்தோ செதியோ அவரை வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1994 டிசம்பரில் பெசோ மீண்டும் வீழ்ந்திருந்தது. அமெரிக்க அதிபர் கிளின்டன் தம் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல், அமெரிக்கக் கருவூலத்தின் நாணய நிலைநிறுத்த நிதியிலிருந்து 2,000 கோடி டாலர் வரை உதவ முன்வந்திருந்தார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களில் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கடன் நெருக்கடி என்றால் என்ன என்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் அந்த நேரத்தில் தூதரகத்தில் இருந்தது மெக்சிகோவுக்கு நல்வாய்ப்பு. 1997 ஜனவரியில், கெடுவுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக, அமெரிக்காவுக்குத் தர வேண்டிய கடன் முழுவதும் அடைக்கப்பட்டது.

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. மறுமாதமே மெக்சிகோவின் போதைப்பொருள் ஒழிப்புத் தலைவர் ஜெனரல் குத்தியெரஸ் ரெபோயோ, கடத்தல்காரர்களுடன் தொடர்பு வைத்திருந்ததாகக் கைதானார். போதைப்பொருள் ஒழிப்பில் ஒத்துழைக்கும் நாடு என்று ஆண்டுதோறும் அமெரிக்கா அப்போது வழங்கிவந்த சான்று மெக்சிகோவுக்குக் கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. பிப்ரவரி இறுதியில் சான்று கிடைத்தது. அதை ரத்து செய்யக் கோரும் குரல்கள் நாடாளுமன்றத்தில் பல வாரங்கள் ஒலித்தன. அந்த ஆண்டிலேயே அவருடைய தூதர் பணி முடிந்தது.

மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டிருக்கிறாரா?

ஒருமுறை. 2000இல் மெக்சிகோ நகர அரசுத் தலைவர் பதவிக்கு நிறுவனப் புரட்சிக் கட்சியின் வேட்பாளராக நின்று, மூன்றாம் இடம் பெற்றார். வென்றவர் பின்னாளில் அதிபரான ஆந்த்ரேஸ் மனுவேல் லோபஸ் ஓப்ரதோர். அதே நாளில் 71 ஆண்டுகளாக அதிபர் பதவியை வைத்திருந்த கட்சி அதையும் இழந்தது. தலைநகர் மக்களைப் பொறுத்தவரை, 1980களின் சம்பள வீழ்ச்சியும் அந்தக் கட்சியும் பிரிக்க முடியாதவை. வேட்பாளர் எவ்வளவு தகுதி வாய்ந்தவராக இருந்தாலும் அந்தச் சுமையுடன்தான் மேடையேற வேண்டியிருந்தது.

அதன் பிறகு?

தீவிர அரசியலிலிருந்து ஒதுங்கினார்; நினைவுக் குறிப்புகளை எழுதினார்; பொருளாதாரம் பற்றித் தொடர்ந்து கருத்துத் தெரிவித்துவந்தார். அவருடைய மகன் ஹெசூஸ் சில்வா ஹெர்சோக் மார்க்கெஸ் இன்று மெக்சிகோவில் பரவலாகப் படிக்கப்படும் அரசியல் கட்டுரையாளர். எனவே இந்தப் பெயரைத் தேடுபவர்கள் மூன்று தலைமுறையினரைக் காண்பார்கள். தாய்வழிக் குடும்பப் பெயரான புளோரஸ் இருந்தால் அவர்தான் நிதியமைச்சர்.